‘இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு

ஜாவா கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் எக்ஸெப்ஷன் பற்றி ஒரே உபதேசத்தைத்தான் சொல்வார்கள்: அபூர்வமாக நடக்கிற விஷயத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்து, மற்ற இடத்தில் தொடாதே. கல்லூரி லேபில் தொடங்கி தரமணிப் பக்கத்து அலுவலகங்களில் நடக்கும் கோட் ரிவ்யூ வரை இது கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதைப் பரப்பியதில் ஜோஷுவா ப்ளாக் 2001-இல் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’ புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ப்ளாக் சொன்னது நியாயமான விஷயம்தான். ஒரு வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்காமல், ‘எல்லை தாண்டிவிட்டாய்’ என்ற எக்ஸெப்ஷன் வந்து விழும்வரை லூப்பை ஓட்டும் ஒரு கோணங்கித்தனமான கோடைக் காட்டி, இப்படிச் செய்யாதீர்கள் என்றார். கைமாறி வந்ததில் அந்த உதாரணம் உதிர்ந்துபோய், ‘அபூர்வம்’ என்ற சொல் மட்டும் மிஞ்சிவிட்டது.

அந்தச் சொல்தான் தப்பான அளவுகோல் என்பது என் கட்சி. ஒரு விஷயம் எத்தனை முறை நடக்கிறது என்பதற்கும், அதற்காக எக்ஸெப்ஷன் எறிய வேண்டுமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தமிழில் நாம் ‘விதிவிலக்கு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டதும் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. விதிவிலக்கு என்றால் நூற்றில் ஒன்று என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

இது ப்ரோக்ராமர்களின் உள்வீட்டுத் தகராறு மாதிரி தெரியலாம். ரேஷன் கடை, பென்ஷன், யுபிஐ என்று நாம் தினமும் கை வைக்கிற மூன்று இடங்களில் இதே கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கோட் எழுதாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில், எறிவது என்றால் என்ன

ஒரு ப்ரோக்ராம் என்பது ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்ளும் சின்னச் சின்னப் பகுதிகளின் கூட்டம். ஒவ்வொரு பகுதியையும் ஃபங்ஷன் என்பார்கள். மேலே இருப்பது கீழே இருப்பதிடம் கேட்கும்: “இந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா பார்.” கீழே இருப்பது பார்த்துவிட்டு விடையைத் திருப்பிக் கொடுக்கும். சில நேரம் பட்டியல் இருக்கும் ஃபைலையே திறக்க முடியாது. அப்போது அது என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு வழி உண்டு. ஏதோ ஒரு விடையைக் கொடுத்து ஒப்பேற்றலாம். காலி, பூஜ்யம், மைனஸ் ஒன்று, ‘இல்லை’, எது வேண்டுமானாலும். அல்லது விடையே கொடுக்காமல், “என்னால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை, காரணம் இது” என்று ஒரு சீட்டை மேல்நோக்கி எறியலாம். அந்தச் சீட்டுதான் எக்ஸெப்ஷன். யாராவது பிடிக்கும்வரை அது ஒவ்வொரு படியாக மேலே போய்க்கொண்டே இருக்கும். யாருமே பிடிக்காவிட்டால் ப்ரோக்ராம் நின்றுவிடும்.

ஜான் குட்எனஃப் 1975-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த எண்ணத்தை ஒழுங்குபடுத்தியது. அதே பத்தாண்டில் பார்பரா லிஸ்கோவும் சகாக்களும் எம்ஐடி-யில் உருவாக்கிய ‘க்ளூ’ என்ற மொழி அதைக் கறாராக அமல்படுத்தியது. க்ளூவில் எறிந்த சீட்டு நேர் மேலே இருப்பவரிடம்தான் போகும். அவர் அதைக் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் தன் வார்த்தையில் புதுச் சீட்டு எழுதி மேலே எறிய வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அது பொதுவான ‘தோல்வி’ என்று மாறிவிடும். அன்றைக்குச் சிலருக்கு இது அதிகக் கண்டிப்பாகப் பட்டது. இதன் அருமை ரேஷன் கடைக்குப் போகும்போது புரியும்.

பைத்தானில் ஒரு சின்னப் பாடம்

பைத்தானில் ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேட இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ‘ஃபைண்ட்’ கிடைக்காவிட்டால் மைனஸ் ஒன்று என்று விடை தரும். ‘இண்டெக்ஸ்’ கிடைக்காவிட்டால் ‘வேல்யூ எரர்’ என்று எக்ஸெப்ஷன் எறியும். வேலை ஒன்றுதான், வாக்குறுதி வேறு. ‘ஃபைண்ட்’ சொல்வது: இருக்கிறதா, எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லை என்பதும் அதில் ஒரு விடை. ‘இண்டெக்ஸ்’ சொல்வது: இடத்தைக் காட்டுகிறேன். காட்ட இடமே இல்லாதபோது அதன் வாக்கு பொய்த்துவிடுகிறது, அதனால் எறிகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தானில் மைனஸ் ஒன்று என்பது செல்லுபடியாகும் இடம். கடைசி எழுத்து என்று அர்த்தம். ‘ஃபைண்ட்’ கொடுத்த மைனஸ் ஒன்றைச் சோதிக்காமல் அப்படியே அடுத்த வரியில் பயன்படுத்தினால், ப்ரோக்ராம் கத்தாது, நிற்காது. கடைசி எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போய்க்கொண்டே இருக்கும். விடையே இல்லாத ஒன்று விடை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறது.

இதிலிருந்து என் அளவுகோலைச் சொல்கிறேன். ஃபங்ஷன் எழுதும் முன் அதன் வாக்குறுதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நடந்தது அந்த வாக்கியத்துக்குள் அடங்கினால், அது எவ்வளவு அபூர்வமானாலும் விடையாகத் திருப்புங்கள். அடங்காவிட்டால், அது நாளைக்கு ஆயிரம் முறை நடந்தாலும் எறியுங்கள். லாட்டரிச் சீட்டைச் சரிபார்க்கும் ப்ரோக்ராமில் முதல் பரிசு விழுவது லட்சத்தில் ஒன்றாக இருக்கலாம். அதற்காக அதை எக்ஸெப்ஷனாக எறிய மாட்டோம், அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தானே அந்த ஃபங்ஷன்! நெட்வொர்க் அறுந்துபோவது தினமும் பத்து முறை நடக்கும். ஆனாலும் அது விடை ஆகாது.

ரேஷன் கடை வாசலில்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டை 2017-இல் ஸ்மார்ட் கார்டானது. அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடை விற்பனையாளர் மெஷினில் காட்டுவார், கணக்கு ஏறும். 2020-இல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு கைரேகையும் சேர்ந்தது. மயிலாப்பூரானாலும் அடையாறானாலும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அட்டையில் பெயர் இருப்பவர்தானா எதிரே நிற்பவர்?

கேள்வி ஆதார் சர்வருக்குப் போகிறது. ஆதார் ஆணையம் வெளியிட்டிருக்கும் தொழில்நுட்ப ஆவணப்படி, பதிலில் முதன்மையான புலம் ஒன்று உண்டு. அதில் ஒரே ஓர் எழுத்து: ஒய் அல்லது என். ஆமாம் அல்லது இல்லை. ‘என்’ வந்தால் பக்கத்தில் இன்னொரு புலத்தில் ஒரு பிழை எண் இருக்கும். 300 என்றால் கைரேகை பொருந்தவில்லை. 330 என்றால் அட்டைதாரரே தன் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 811 என்றால் மையக் கிடங்கில் அவருடைய உடற்கூறுத் தகவலே இல்லை. 510 என்றால் அனுப்பிய கோரிக்கையின் வடிவமே தப்பு. 999 என்றால் இனம் தெரியாத பிழை.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வடிவம் தப்பு என்பது மெஷினில் இருக்கும் சாஃப்ட்வேரின் கோளாறு. தகவல் இல்லை என்பது கிடங்கின் குறை. 999 யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இவை எதுவும் எதிரே நிற்பவரைப் பற்றிய செய்தியே இல்லை. ஆனாலும் எல்லாம் ‘என்’ என்ற ஒரே எழுத்தின் கீழ் வந்து நிற்கின்றன. பிழை எண்ணைத் தனியாக வைத்த வடிவமைப்பாளர்கள் யோசிக்காதவர்கள் அல்லர். வித்தியாசம் அங்கே எழுதித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டியின் மேல் ‘இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டு, ‘உண்மையில் பார்க்கவே முடியவில்லை’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டால், அவசரத்தில் இருப்பவர் எதைப் படிப்பார்?

300-ஐக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகை ஒப்பீடு என்பது இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற மதிப்பெண். அது ஒரு வரம்புக்குக் கீழே போனால் ‘பொருந்தவில்லை’. முதுமையில் ரேகை தேயும். சித்தாள் வேலை, துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் விரலைத் தேய்க்கும். ஆகவே 300-உம் ‘இவர் அவர் இல்லை’ என்று சொல்லவில்லை. ‘இந்த விரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை’ என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

இதை வைத்து ஒரு மோசமான ப்ரோக்ராம் எழுதிப் பார்ப்போம். எந்தக் கடையின் மெஷினிலும் இருக்கும் கோட் என்று இதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த வடிவத்தைப் பார்க்காத ப்ரோக்ராமர் இருக்க மாட்டார்.

அரிசி_கொடுக்கலாமா(அட்டை, விரல்):
— முயற்சி செய்: விடை = ஆதாரிடம்_கேள்(அட்டை, விரல்)
— எந்தச் சீட்டு வந்தாலும் பிடி: ‘இல்லை’ என்று திருப்பு
— விடையைத் திருப்பு

நடு வரிதான் வில்லன். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ப்ரோக்ராம் நின்றுவிடக்கூடாது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்தார். ‘இல்லை’ என்பதுதானே பாதுகாப்பான விடை! யாருக்குப் பாதுகாப்பு என்பதை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

எத்தனை சதவீதம் வந்தால் விதிவிலக்கு?

‘அபூர்வம்’ என்ற அளவுகோல் உடைந்து விழும் இடம் இது. அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 சதவீதம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே தெரிவித்தது. மிச்சம் 12. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் வரை இருப்பதாக மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியது. இரண்டில் ஒன்று நடப்பதை விதிவிலக்கு என்று எந்த வாயால் சொல்வது? ‘அபூர்வம் இல்லை, அதனால் இது சாதாரண விடைதான், இல்லை என்றே திருப்பு’ என்று அந்த உபதேசம் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். வாக்குறுதி அளவுகோல் அப்படி விடாது. அடையாளம் பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாய், சொல்ல முடியவில்லை, ஆகவே எறி. பாதிப் பேருக்கு எறிய வேண்டி வந்தால் திட்டத்தையே திருத்த வேண்டும் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். ‘இல்லை’ என்று திருப்பிக்கொண்டே இருந்தால், போலி அட்டைகள் ஒழிந்தன என்று அந்த எண்ணிக்கையைச் சேமிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

சட்டத்திலும் இதே ஓட்டை இருந்தது. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஆதார் எண்ணே ஒதுக்கப்படாதவருக்கு மாற்று வழி தர வேண்டும் என்றது. எண் இருந்தும் விரல் பொருந்தாதவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. அதே ஆண்டு வந்த சரிபார்ப்பு ஒழுங்குமுறை விதிகள், விதிவிலக்கைக் கையாள ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சேவை தரும் அமைப்புகளிடம் விட்டன. ஜார்க்கண்டில் பட்டினிச் சாவுச் செய்தி நாட்டை உலுக்கிய 2017 அக்டோபரில், 24-ஆம் தேதி, ஆதார் ஆணையம் பொது விநியோகத்தில் விதிவிலக்கு கையாளுவது பற்றித் தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. விரல் தோற்றால் கருவிழி, ஓடிபி போன்ற வழிகள், அவையும் முடியாவிட்டால் அட்டையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிட்டுப் பதிவு செய் என்பது அதன் சாரம். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், சரிபார்ப்புத் தோல்வியால் தகுதியுள்ளவருக்குப் பலன் மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது.

காகிதத்தில் ‘பிடிக்கும்’ வரி வந்துவிட்டது. ஆனால் யார் பிடிப்பது? சீட்டு வந்து விழுவது விற்பனையாளர் கையில். அவர் பிரச்சினையில் இருக்கும் எல்லாரிலும் அதிகாரம் குறைந்தவர். பதிவு செய்துவிட்டுப் பொருளைக் கொடுத்தால், ஏன் கொடுத்தாய் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். “சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க” என்று சொன்னால் எங்கேயும் எந்தப் பதிவும் இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. ப்ரோக்ராமர்கள் ‘காலி கேட்ச்’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: சீட்டைப் பிடித்து, படிக்காமல் கசக்கிக் குப்பையில் போடுவது. ‘நாளைக்கு வாங்க’ என்பது அதன் பேச்சுவழக்கு வடிவம். மறுமுயற்சியின் செலவு முழுக்க வரிசையில் நிற்பவர் தலையில். ஒரு நாள் கூலி, ஒரு ஆட்டோ, ஒரு வெயில்.

தமிழ்நாட்டில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்லாருக்குமான பொது விநியோகம் என்பதால் தகுதிப் பட்டியல் தகராறும் இங்கே குறைவு. இவை நல்ல வடிவமைப்பு. காரணம், முடிவை முன்கூட்டியே, முடிவெடுக்க அதிகாரம் உள்ள இடத்தில் எடுத்து வைத்துவிடுகின்றன. கடை வாசலில் விற்பனையாளர் தைரியசாலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

உயிரோடு இருக்கிறாரா?

மயிலாப்பூருக்கு நவம்பர் வந்தால் இன்னொரு காட்சி. பென்ஷன் வாங்கும் மாமாக்களும் மாமிகளும் பாங்க் வாசலில். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ‘நேர்காணல்’ என்று தனி ஏற்பாடு. 2014 நவம்பர் 10-இல் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ வழியாகக் கைரேகை வைத்தே டிஜிட்டல் சான்று கொடுக்கலாம் என்று வந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம் என்றார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் சேவையும் உண்டு. வழிகள் பல இருப்பது பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் அடிப்படைக் கேள்வியைப் பாருங்கள்: இவர் உயிரோடு இருக்கிறாரா? ஆமாம் என்பதற்குச் சான்று உண்டு. இல்லை என்பதற்கும் இறப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. இரண்டும் வராதபோது? தெரியவில்லை. படுக்கையில் இருக்கலாம், ரேகை விழாமல் இருக்கலாம், அமெரிக்காவில் பெண் வீட்டில் இருக்கலாம். அந்தத் ‘தெரியவில்லை’யைக் கணக்கு என்னவாக நடத்துகிறது? கெடுவுக்குள் சான்று வராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இறந்தவருக்கு என்ன நடக்குமோ அதேதான் அந்த மாதம் இவருக்கும். பிறகு சான்று கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பது உண்மை. மருந்துக்கடை நிலுவையோடு காத்திருக்காது என்பதும் உண்மை.

போலி ஓய்வூதியத்தைத் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ‘தெரியவில்லை’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமாம்’ ஆக்கு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு மூன்றாவது விடைக்கு ஒரு மூன்றாவது நடவடிக்கை வேண்டும். ஒரு போன், தபால்காரரின் ஒரு நடை, இவ்வளவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரு கெடு. கெடு யாருக்கு என்பதுதான் கேள்வி. இப்போது அது முழுக்க முதியவருக்கு.

பணம் என்றால் மட்டும் எப்படித் தெரிகிறது?

மூன்றாவது நடவடிக்கை சாத்தியமே இல்லை என்று சொல்பவர்கள் தி. நகருக்கு வரவும். ரங்கநாதன் தெருவில் ஒரு புடவை வாங்கி யுபிஐ-யில் பணம் அனுப்புகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது. உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வந்த பாடில்லை. திரையில் ‘பெண்டிங்’. கவனியுங்கள், வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு அந்த அமைப்பு நிற்கவில்லை. மூன்றாவதாக ஒரு நிலையை ஒப்புக்கொள்கிறது: எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒப்புக்கொள்வதோடு விடவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, இப்படி வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து கடைக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. இது அப்பழுக்கில்லாத எக்ஸெப்ஷன் வடிவமைப்பு. ‘தெரியவில்லை’ என்பதற்குத் தனிப் பெயர், அதைத் தீர்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற தெளிவு, கெடு, கெடு தவறினால் தவறியவருக்குச் செலவு.

நான்கையும் ரேஷன் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். சரிபார்க்க முடியாததால் பொருள் இல்லாமல் திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் அந்த அமைப்பு 100 ரூபாய் தர வேண்டும் என்றிருந்தால், 999 என்ற எண்ணுக்கு அடுத்த மாதமே இனம் தெரிந்துவிடும். இந்த நாட்டு இன்ஜினியர்களுக்கு இதை எழுதத் தெரியாமல் இல்லை. ஒரு இடத்தில் எழுதச் சொன்னார்கள், இன்னொரு இடத்தில் சொல்லவில்லை.

ராக்கெட்டும் இதே தப்பைச் செய்தது

ஏழைகளின் விஷயம் என்பதால்தான் இந்த அலட்சியம் என்று முழுசாகவும் சொல்லிவிட முடியாது. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணத்தில், புறப்பட்ட சுமார் 40 நொடியில் நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களோடு சிதறியது. விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் உலகப் பிரசித்தம்: 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்கப் பார்த்தபோது இடம் போதவில்லை, எக்ஸெப்ஷன் எழுந்தது. ஏரியான் 4-க்கு எழுதிய கோட் அது. அந்த ராக்கெட்டின் வேகத்துக்கு எண் அவ்வளவு பெரிதாக வராது என்று, ஏழு எண்களில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து மூன்றை விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கே புறப்பட்ட பிறகு ஏரியான் 5-க்குத் தேவையில்லாதது.

பொதுவாக இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த கட்டம்தான் நமக்கு வேண்டியது. எக்ஸெப்ஷன் எழுந்ததும் திசைகாட்டும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. எக்ஸெப்ஷன் என்றால் ஒரு கருவி பழுதாகியிருக்கும், மாற்றுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது வடிவமைப்பின் அனுமானம். மாற்றுக் கருவியிலும் அதே கோட், அதுவும் அதே காரணத்தால் சற்று முன்பே நின்றிருந்தது. நிற்கும் முன் கணினி ‘நான் பழுது’ என்று சொல்லும் ஒரு பரிசோதனைத் தகவலை அனுப்பியது. ராக்கெட்டை ஓட்டும் முதன்மைக் கணினி அதைப் பறக்கும் திசை பற்றிய எண் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத விலகலைத் திருத்த முனைகளைத் திருப்பியது. ‘தெரியவில்லை’ என்ற சீட்டை விடை என்று படித்ததுதான் கடைசி அடி. பைத்தானின் மைனஸ் ஒன்றுக்கும் இதற்கும் வித்தியாசம் விலையில் மட்டும்.

எப்போது, எப்படி

இவ்வளவையும் வேலைக்கு உதவுகிற மாதிரி சுருக்குகிறேன்.

எறிவதா என்று தீர்மானிக்க வாக்குறுதி வாக்கியத்தைப் பாருங்கள், எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்.

எறியும் சீட்டை, பிடிப்பவரின் மொழியில் எழுதுங்கள். ‘சாக்கெட் டைம்அவுட்’ என்று ரேஷன் மெஷின் காட்டினால் விற்பனையாளருக்கு என்ன புரியும்? ‘சர்வரை எட்ட முடியவில்லை, இவர் அடையாளம் பற்றி எதுவும் தெரியாது’ என்று இருந்தால், முகத்தைப் பார்த்துப் பேசவாவது முடியும். க்ளூ மொழி ஒவ்வொரு படியிலும் புதுச் சீட்டு எழுதச் சொன்னது இதற்குத்தான். பழைய சீட்டைத் தூக்கிப்போடாமல் புதியதன் உள்ளே வைத்து அனுப்புங்கள். ஜாவாவில் 2002 முதல் அதற்கு வசதி இருக்கிறது, பைத்தான் 3-இலும் இருக்கிறது. பின்னால் பழுது பார்ப்பவருக்கு அது வேண்டும்.

எறியும் முன் கையில் இருந்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். பாதியில் நின்றால் ஒதுக்கீடு கழிந்தும் அரிசி வராமலும் இருக்கக்கூடாது.

முடிவெடுக்க அதிகாரம் உள்ள இடத்தில் மட்டும் பிடியுங்கள். மற்ற எல்லா இடத்திலும் மேலே போக விடுங்கள். பிடித்துவிட்டு ‘இல்லை’ என்று திருப்புவது பிடிப்பதில் சேராது, அது பொய் சொல்வது.

கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் எக்ஸெப்ஷன் இப்படி எறியப்படுவதில்லையே, பிழையும் திருப்பும் மதிப்பாகத்தானே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஆனால் ரஸ்டில் ‘சரி, ஆமாம்’, ‘சரி, இல்லை’, ‘பிழை’ என்று மூன்றையும் தனித்தனியாக எழுத முடிகிறது, மூன்றையும் கவனித்தாயா என்று கம்பைலரும் தொல்லை செய்கிறது. சீட்டை எறிந்தாலும் கையில் கொடுத்தாலும் பரவாயில்லை, மூன்று மூன்றாக இருந்தால் போதும்.

கோட் ரிவ்யூவில் உட்காரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘எல்லாவற்றையும் பிடி, இல்லை என்று திருப்பு’ என்ற வரியை அடுத்த முறை பார்த்தால், “இது நல்ல ஸ்டைல் இல்லை” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த ‘இல்லை’யை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகப்போவது யார் என்று கேளுங்கள். எழுதியவரிடம் பதில் இருந்தால் வரி இருக்கட்டும்.